ஆல் ஜாரோவோட 'பிரேக்கிங் அவே' (1981): ஒளிஞ்சு கேட்டதெல்லாம் போதும்

என்ன பாட்டு கேப்பேன்னு யாராவது கேட்டா ஜாஸ்னு மட்டும் சொல்லி நிறுத்திக்குவேன், ஆனா ராத்திரி தனியா இருக்கும்போது கை போறது என்னவோ இந்த ஆல்பத்துக்குத்தான். ஜாஸ் வெறியர்கள்ட்ட அமெரிக்கப் பாடகர் ஆல் ஜாரோ பேர எடுத்தாலே "அது லிஃப்ட்ல ஓடுற பாட்டாச்சே"ங்கற மாதிரி ஒரு பார்வை பாப்பாங்க, அந்தப் பார்வைக்குப் பயந்தே வருஷக்கணக்கா ஹெட்போன்லயே கேட்டுட்டு இருந்தேன்.

மொத்தம் 9 பாட்டு, புரொட்யூசர் ஜே கிரேடன். சின்ன வயசுல கேசட்ல கேட்டப்போ 'வி ஆர் இன் திஸ் லவ் டுகெதர்' மட்டும்தான் மனசுல நின்னுச்சு, திரும்பத் திரும்ப ரீவைண்ட் பண்ணி அதையே கேப்பேன். இப்பவும் அது சுகமாத்தான் இருக்கு, ஆனா இந்த ஆளு யாருன்னு எனக்குப் புரிய வச்சது 'ப்ளூ ராண்டோ'தான். ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் 1959ல பண்ணது, வெறும் வாத்தியம், தக தக தக தகிடன்னு 9 எண்ணிக்கைல ஓடும், வாசிக்கிறவங்களுக்கே மூச்சு வாங்கும். அதுக்கு இவர் வார்த்த போட்டு வாயால பாடுறாரு! ஒரு இடத்துலயும் தாளம் உறுத்தாது, கேக்குறவனுக்கு கஷ்டமே தெரியாது, அந்த வழவழப்பப் பாத்துட்டுத்தான் நாம லேசான பாட்டுன்னு ஒதுக்கிடுறோம்.

அமெரிக்காவோட கிராமி இசை விருதுல இந்த ஆல்பத்துக்கு பாப் பாடகர் விருது, அந்த ராண்டோவுக்கு ஜாஸ் பாடகர் விருது, ரெண்டும் ஒரே வருஷம். பின்னாடி ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாடகர் விருதும் வாங்கிட்டாரு. அப்புறமும் இது ஜாஸா இல்லையான்னு சண்ட போட என்ன இருக்குன்னு தெரியல.

இன்னொன்னு, மனுஷன் சைக்காலஜி படிச்சிட்டு சான் ஃபிரான்சிஸ்கோல மறுவாழ்வு கவுன்சிலரா வேல பாத்தவரு, பெரிய கம்பெனில மொத ஆல்பம் வந்தப்ப வயசு 35. பக்கத்துல உக்காந்து நம்மகிட்ட பேசுற மாதிரியே ஒரு நெருக்கம் அந்தக் குரல்ல இருக்கே, அது அங்கேருந்துதான் வந்திருக்கணும்னு எனக்கு ஒரு எண்ணம்.

குறை இல்லாம இல்ல. ஸ்லோ பாட்டுங்கள்ல கீபோர்டு கொஞ்சம் ஓவரா தித்திக்குது, 80கள் வாசன அப்படியே வீசும், சிலருக்கு அது ஆகாது. ஆனா ட்ரம்ஸ்ல ஸ்டீவ் காட், பேஸ்ல ஏப்ரஹாம் லாபோரியல்னு ஆளுங்க இருக்கறதால அடித்தளம் கெட்டியா நிக்குது, 'ரூஃப் கார்டன்' வரும்போது கால் தானா ஆடும்.

ஜாரோ 2017ல போய்ட்டாரு. அன்னிக்கு ராத்திரி முழு ஆல்பத்தையும் ஸ்பீக்கர்ல, கதவத் தெறந்து வச்சே போட்டேன்.

புதுசா கேக்குறவங்க ஹிட் பாட்டுல ஆரம்பிக்காதீங்க. நேரா ராண்டோவுக்குப் போங்க, அது முடிஞ்சதும் நிறுத்திடாதீங்க, அடுத்து வர்றது 'டீச் மீ டுநைட்', 50கள்ல வந்த பழைய பாட்டு. அவ்ளோ ஓடிட்டு வந்த அதே குரல் அப்படியே நிதானமாகி உக்காந்துடும், அத மட்டும் கண்ண மூடிட்டு கேளுங்க.