இழுத்துவிட்டு முதிர்விப்பதா, இழுத்தபடியே முதிர்விப்பதா?

சிங்கப்பூர் துவாஸ் பட்டறையில் நாங்கள் குடைந்து வெட்டிய, 7075 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவைத் தட்டு, வைஸிலிருந்து கழற்றியதும் வாழைமட்டையைப் போல வளைந்துகொண்டது. "இறுக்கிப் பிடித்துத்தானே வெட்டினேன், அண்ணே?" என்று புதிதாகச் சேர்ந்த தம்பி தவித்துப்போனான். அவன் கைவேலையில் பிழையே இல்லை. அது டி6 தட்டு (டி-யும் எண்ணும் உலோகத்தைப் பதப்படுத்திய முறையைச் சொல்லும் குறியீடு). டி651 வாங்கியிருக்க வேண்டும்.

வலிமையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு, அதாவது பரப்பளவுக்கு இத்தனை என்று கணக்கிடும் விசை, சுமார் 500 மெகாபாஸ்கல். ஏறத்தாழ 470 டிகிரி வரை சூடாக்கி, நீரில் அமிழ்த்திச் சட்டென்று குளிர்வித்து, 120 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து முதிர்விப்பார்கள்; அந்தச் சூட்டில் உள்ளே நுண்துகள்கள் முளைத்து உலோகத்தை வலுப்படுத்தும். அந்தத் திடீர்க் குளிர்ச்சியில் தட்டின் மேற்பரப்பில் அமுக்கமும் உட்புறத்தில் இழுவையும் தங்கிவிடுகின்றன. ஒரு பக்கத்தை வெட்டியெடுத்தால் சமநிலை குலைகிறது. டி651 தட்டையோ முதிர்விப்பதற்கு முன்பே 1.5 முதல் 3 சதவீதம் வரை இழுத்து, அந்தத் தகைவைப் பெருமளவு தணித்துவிடுகிறார்கள்.

செம்பு கலந்த 2024 என்ற கலவையில் முன்கூட்டிய இழுவை வலிமையையும் கூட்டும். இழுத்ததால் படிகத்தின் அணு வரிசையில் உண்டாகும் பிறழ்வுகளைப் பற்றிக்கொண்டு நுண்துகள்கள் அடர்த்தியாக முளைக்கின்றன. நீளத் தொடங்கும் தகைவு டி6-இல் சுமார் 395 ஆக இருப்பது, இழுத்தபின் முதிர்வித்த டி81-இல் 450 மெகாபாஸ்கலை எட்டுகிறது. 7075-இல் இந்த ஆதாயம் கிடைக்காது.

விசை கொடுத்தபடியே முதிர்விப்பது மூன்றாவது வழி. 2007 அக்டோபரில் சாங்கியிலிருந்து சிட்னிக்கு முதன்முதலாகப் பயணிகளுடன் பறந்த ஏ380 விமானத்தின் மேல் இறக்கைத் தகடுகள், வேல்ஸ் நாட்டின் பிராட்டனில் அச்சின்மேல் அழுத்தி உலையில் வைக்கப்பட்டு, வளைவையும் வலிமையையும் ஒருங்கே பெற்றன. எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு இது. ஆனால் எல்லாக் கலவைக்கும் கண்ணை மூடிக்கொண்டு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அலுமினியம்-செம்புக் கலவையில் துகள்கள் மெல்லிய தட்டுகளாக மூன்று திசைகளில் சமமாக வளரவேண்டியவை. முளைவிடும் நேரத்தில் தகைவு இருந்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்து அணிவகுக்கின்றன. ஒரு திசையில் தாங்குவதை இன்னொரு திசையில் தாங்காது. மாதிரித் துண்டை நீளவாக்கில் மட்டும் சோதித்தால் இந்தக் குறை கண்ணில் படாது. குறுக்கேயும் வெட்டிச் சோதியுங்கள்.

பெரிய வளைவுத் தகடுகளுக்கு மூன்றாவது வழி. பள்ளம் பள்ளமாகக் குடையும் எங்கள் வேலைக்கு டி651தான். அடுத்த ஆர்டர் படிவத்தில் 6-க்குப் பக்கத்தில் 51 என்று தம்பியே எழுதினான்.