பாடமெல்லாம் சரி, கதவு திறந்தால்தானே?

பெரியவர்களுக்கு மாலை வகுப்பு தொடங்கப்போகும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "நீங்க அஞ்சு வருஷமா அந்த ஆன்லைன் வகுப்புத் தளத்தை வச்சிருக்கீங்களே, நாங்களும் எடுக்கலாமா?" எடுக்கலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அன்றைக்குப் பார்த்து, 90 நாளுக்கு ஒரு தடவை பாஸ்வேர்டை மாற்றியே தீர வேண்டும் என்ற கணக்கு முடிந்து, வகுப்பில் இருந்த 14 பேரையும் தளம் வெளியே தள்ளிவிட்டிருந்தது. அதனால், எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதுதான் அது. கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை, அதையும் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

தளத்தின் பெயர் வேண்டாம். பாடம் ஏற்றலாம், வீட்டுப்பாடம் வாங்கலாம், தேர்வு வைக்கலாம், மொபைல் ஆப் உண்டு என்பதெல்லாம் இந்த வகைத் தளம் எதிலும் இருப்பதுதான். அதற்கெல்லாம் முன்னால் வரும் பெட்டி ஒன்று இருக்கிறதே, பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பெட்டி, என் ஐந்து வருடத்தில் பாதி அதன் முன்னால்தான் போனது.

எங்கள் வகுப்புக்கு வருகிறவர்கள் சின்ன வயதில் படிப்பை விட்டவர்கள். சிலருக்குப் படிவம் நிரப்பத் தெரிய வேண்டும், சிலருக்குக் கணக்கு, சிலருக்குக் கணினி. கையில் இருப்பது போன் மட்டும், அதையும் சிலர் வீட்டில் பகிர்ந்துகொள்கிறார்கள். இப்படிப்பட்டவரிடம் தளம் முதலில் கேட்பது இது: குறைந்தது 8 எழுத்து, அதில் ஒரு பெரிய எழுத்து, ஒரு சிறிய எழுத்து, ஓர் எண், எண்ணும் எழுத்தும் அல்லாத ஒரு குறி. "எண்ணும் எழுத்தும் கத்துக்கத்தானே சார் வந்திருக்கோம், ரெண்டுமே இல்லாதது என்ன?" என்று ஓர் அம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்துவிட்டேன். இன்னொருவர் பெரிய எழுத்து என்றதும் திரையில் இரண்டு விரலை வைத்து எழுத்தை விரித்துப் பெரிதாக்கினார். அவர் செய்ததில் என்ன தப்பு? தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு சாதி எழுத்துக்கே கிடையாது.

அப்புறம் போனின் கைங்கரியம். பயனர் பெயரின் முதல் எழுத்தை விசைப்பலகை தானாகவே பெரிதாக்கிவிடும். மின்னஞ்சல் முகவரியை அது தரும் பரிந்துரையிலிருந்து தொட்டு எடுத்தால் கடைசியில் ஓர் இடைவெளியைச் சேர்த்துவிடும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, தளமோ அதை மன்னிக்காது. பாஸ்வேர்டு அடித்தால் வெறும் புள்ளிகள். எழுத்துக்கூட்டிப் படிக்கவே இப்போதுதான் பழகுகிறவர், தான் எழுதியதைத் தானே பார்க்க முடியாமல் எழுத வேண்டும். தப்பானால் "பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு" என்று வரும். எது தவறு என்று சொல்லாது. இதில் தளத்தைக் குறை சொல்ல மாட்டேன். பெயர் சரி, பாஸ்வேர்டுதான் தப்பு என்று சொல்லிவிட்டால் யார் யாருக்கு இங்கே கணக்கு இருக்கிறது என்று வெளியாள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். நியாயம்தான். ஆனால் ஐந்து தடவை தப்பானால் அரை மணி நேரம் பூட்டு என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், இரண்டு மணி நேர வகுப்பில் அரை மணி என்பது கால் பங்கு.

சரி, மறந்துவிட்டது, மாற்றிக்கொள்ளலாம் என்று போனால் லிங்க் மின்னஞ்சலுக்குப் போகும். அந்த மின்னஞ்சலை மகனோ மருமகளோ எப்போதோ திறந்து கொடுத்தது, அதன் பாஸ்வேர்டும் தெரியாது. அதை மீட்கப் போனால் ஓடிபி பழைய எண்ணுக்குப் போகும், இல்லையென்றால் வேலையில் இருக்கும் மகனுக்குப் போகும். மகன் போனை எடுத்து எண்ணைச் சொல்வதற்குள் அது காலாவதி. இதை நான் ஒரு தடவை கண்ட அதிசயமாகச் சொல்லவில்லை. புதிதாக ஓர் ஆள் சேரும் ஒவ்வொரு முறையும் முதல் வகுப்பு இப்படித்தான் போனது.

எரிச்சலில் இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் தரநிர்ணயம் செய்யும் என்ஐஎஸ்டி என்ற அரசு நிறுவனத்தில் பில் பர் என்பவர் 2003-இல் எழுதிய பரிந்துரைதான் இந்தக் குறியும் எண்ணும் கலக்கிற வழக்கத்தையும், அடிக்கடி மாற்றச் சொல்லும் வழக்கத்தையும் பரப்பியது. 2017-இல் அவரே பத்திரிகையில், அதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டார். அதே வருடம் என்ஐஎஸ்டி தன் வழிகாட்டியைத் திருத்தியது: எழுத்தைக் கலக்கச் சொல்லி வற்புறுத்தாதே, களவு போனதற்கு அடையாளம் இல்லாமல் நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதே, நீளமாக வைக்க விடு. காரணமும் எளிது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை 1-லிருந்து 2 ஆக்குவார்கள், குறி கேட்டால் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி போடுவார்கள். என் வகுப்பில் 14 பேரில் 11 பேர் ஆச்சரியக்குறிதான். நான் சொல்லிக்கொடுத்ததே அதுதானே!

இதையெல்லாம் கோத்துத் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு நீளமாக எழுதினேன். பாதுகாப்புக்காக என்று ஒரு வரி பதில். மறுபடி எழுதினேன், அதே வரி. மூன்றாவது தடவை வேறு யாரோ ஓர் ஊழியர் பொறுமையாகப் பதில் போட்டார்: எழுத்துக் கலப்பு விதி உங்கள் அட்மின் பக்கத்திலேயே இருக்கிறது, நீங்களே எடுத்துவிடலாம். போய்ப் பார்த்தேன். இருந்தது. மூன்று வருடமாக இருந்திருக்கிறது. ஒரு டிக்கை எடுத்தால் போதும். மூன்று வருடம் அந்த அம்மாவிடம் ஆச்சரியக்குறி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தவன் நான்தான், தளம் இல்லை. இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு விமர்சனம் எழுதினால் நியாயமாகாது, அதனால் சொல்கிறேன். சொல்லப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டிக்கை எடுத்தபின் குறைந்தபட்ச நீளத்தை 15 ஆக்கி, நாலு வார்த்தையைச் சேர்த்து ஒரு வாக்கியம் மாதிரி வையுங்கள் என்றேன். பாதிச் சண்டை அன்றோடு ஓய்ந்தது. மீதி இரண்டு நம் கையில் இல்லை. ஒன்று, 90 நாள். இன்னொன்று, பாஸ்வேர்டு பெட்டியில் வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்ட முடியாது, கையால்தான் அடிக்க வேண்டும். வலைத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி எப்படி அமைப்பது என்று டபிள்யூ3சி அமைப்பு வெளியிடும் வழிகாட்டியின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. உள்ளே நுழைவதற்கு ஞாபகசக்தியைச் சோதிக்காதே, சோதித்தால் வேறு வழியோ உதவியோ கொடு என்று அதில் தனியாகவே ஒரு விதி உண்டு. ஒட்ட விடுவதும், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் மேலாளர் என்ற மென்பொருள் தானாக நிரப்ப விடுவதும் அந்த உதவியில் சேரும். படிக்க வருகிறவர்களுக்காகவே செய்த தளத்தில் இது இல்லை.

ஒரு வேடிக்கை. விதி தளர்ந்ததும் ஒருவர் தமிழிலேயே பாஸ்வேர்டு வைத்தார், "கோபம்" என்று தொடங்கும் ஒரு நீளமான வாக்கியம். தளம் வாங்கிக்கொண்டது. மறுநாள் மகள் போனில் அதே வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் அடித்தார், தவறு என்றது. ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு என்ற குறியீட்டு முறையில் "கோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. ஒரு போனின் விசைப்பலகை ஒரு விதம், இன்னொன்று இன்னொரு விதம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும், தளம் அதைச் செய்யவில்லை. ஒகரமும் ஓகாரமும் இல்லாத வாக்கியமாகப் பார்த்து வையுங்கள் என்று சொல்லிவைத்தேன். இலக்கண வகுப்பு இலவசம்.

இவ்வளவு திட்டியும் ஐந்து வருடம் வைத்திருக்கிறேனே, ஏன்? பயிற்சித் தேர்வுக்காக. கணக்கு வகுப்பில் ஒருவர் இருந்தார், வாயே திறக்க மாட்டார், கேட்டால் தலையாட்டுவார். பின்னம் பாடத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒரு பத்துக் கேள்வித் தேர்வு போட்டிருந்தேன். பதிவேட்டைப் பார்த்தால் மனிதர் ஒரே வாரத்தில் 31 தடவை எழுதியிருக்கிறார், எல்லாம் இரவு பதினோரு மணிக்கு மேல். முதல் தடவை இரண்டு, 31-ஆவது தடவை ஒன்பது. வகுப்பில் முப்பது தடவை தப்பாகச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? நான்தான் முப்பது தடவை பொறுமையாகக் கேட்டிருப்பேனா? பெரியவர்களுக்குப் படிப்பில் முதல் தடை கூச்சம். ஆளில்லாத இடத்தில் தப்பு செய்ய விடுகிற இந்த ஒரு வசதியை எந்த நோட்டுப் புத்தகமும் தராது.

தேர்வு என்றால் மதிப்பெண்ணுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நன்றாகச் சொன்னார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தப்பான விடைக்கும் கீழே "தவறு" என்று விடாமல், இந்த விடை வந்திருந்தால் நீங்கள் பின்னத்தின் கீழே இருக்கும் பகுதியை மட்டும் கூட்டியிருப்பீர்கள் என்கிற மாதிரி ஒரு வரி எழுதி வைக்கிறேன். பத்துக் கேள்விக்கு முப்பது வரி. ஒரு ஞாயிறு போய்விடும். போகட்டும்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அவர் நடுராத்திரி எழுதியது எனக்குத் தெரிகிறது, ஆனால் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. வகுப்பில் பொதுவாகச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் எல்லோருடைய முயற்சிகளும் பாதியாகக் குறைந்தன. முயற்சி எண்ணிக்கையை ஆசிரியருக்கு மறைக்க ஒரு வழி கொடுங்கள் என்று நிறுவனத்துக்கு எழுதினேன். அட்மின் பக்கத்தில் இருக்கிறதா என்று இந்தத் தடவை முதலில் தேடிவிட்டுத்தான் எழுதினேன். இல்லை. அவர்களிடமிருந்து பதிலும் இல்லை.

மற்றதெல்லாம் சுருக்கமாக. வீடியோ பாடம் 40 நிமிடத்துக்கு எடுத்து ஏற்றினோம், யாரும் பார்க்கவில்லை. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்த்ததை வைத்து 2014-இல் வந்த ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் சராசரி ஆள் ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்றது. எங்கள் ஆட்கள் நாலில் நின்றார்கள். நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவது நன்றாக வேலை செய்கிறது, படம் தலைகீழாக வரும், பழகிக்கொள்ளலாம். வருகைப் பதிவு என்று ஒன்று இருக்கிறது, நாங்கள் இன்னும் காகிதத்தில்தான் கையெழுத்து வாங்குகிறோம், கையெழுத்துப் போடுவதே சிலருக்கு அன்றைய பாடம்.

நண்பர் இன்னொன்றும் கேட்டார், இலவசமாகக் கிடைக்கும் மூடில் என்ற வகுப்புத் தளம் போதாதா என்று. மார்ட்டின் டூகியாமஸ் 2002-இல் முதல் பதிப்பை வெளியிட்டது, மூல நிரலே திறந்து கிடக்கிறது, தமிழ் இடைமுகமும் உண்டு. ஆனால் சர்வர் வேண்டும், அவ்வப்போது புதுப்பிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உங்களிடம் இருந்தால் யோசிக்காமல் அங்கே போங்கள். எங்களிடம் அந்த ஆள் நான்தான், டிக் எடுக்க மூன்று வருடம் ஆன ஆள்.

ஆக, எடுக்கலாமா? பயிற்சித் தேர்வுக்கு ஐந்துக்கு ஐந்து. ஆனால் எடுக்காதீர்கள் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். ஒட்ட முடியாது, 90 நாளுக்கு ஒரு தடவை எல்லோரையும் வாசலில் நிறுத்துகிறது, ஐந்துக்கு இரண்டு. எங்கள் ஒப்பந்தத்தை நேற்று இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித்துவிட்டேன், அது வேறு விஷயம்.

எடுத்தே தீருவேன் என்றால் முதல் நாளே ஆளுக்கொரு சின்ன நோட்டு கொடுத்துப் பாஸ்வேர்டை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதி வைக்கவே கூடாது என்று நானும் வகுப்பில் திட்டிக்கொண்டிருந்தேன். பாதுகாப்பு வல்லுநர் ப்ரூஸ் ஷ்னையரே 2005-இல், எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற காகிதங்களைப் பத்திரமாகத்தானே வைத்திருக்கிறீர்கள் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். ஆச்சரியக்குறி கேட்ட அம்மா தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதுவரை மாற்றிய பாஸ்வேர்டுகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார், பழையதை ஒற்றைக் கோடு போட்டு அடித்திருக்கிறார். முதல் வரியில் எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கின்றன. கடைசி வரி அவ்வளவு நேராக இருக்கிறது.