கிர்லியன் கிட்: பெட்டி பரவாயில்லை, தட்டுதான் சொதப்பல்

ஒரு பொருளின் விளிம்பில் உயர் வோல்ட் எழுப்பும் ஒளியை, கேமரா இல்லாமல் மின்சாரத்தாலேயே படம் பிடிக்கும் கிர்லியன் கிட்கள் ஆன்லைனில் பல பெயர்களில் விற்கின்றன. உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றேதான். பின்மூடியைக் கழற்றினால் வோல்ட்டை ஏற்றும் ஒரு கார் இக்னிஷன் காயில், அதை ஓட்டத் துடிப்பு தரும் 555 ஐசி சிப், சுவிட்சாக வேலை பார்க்கும் ஒரு மாஸ்ஃபெட், நேரம் வைக்க ஒரு டைமர். 12 வோல்ட் அடாப்டரில் ஓடி 20,000 வோல்ட் அளவில் துடிப்புகளைத் தள்ளுகிறது. பழைய டிவியின் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரை வைக்காதது நல்ல முடிவு. அதில் பலவற்றில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு உள்ளேயே இருக்கும். பொருளுக்கு அடியில் வைக்கும் கண்ணாடி ஒருமுறை சார்ஜ் ஏறியதும் ஒளி நின்றுவிடும்.

முதலில் கறுப்பு-வெள்ளை ஃபோட்டோ பேப்பரில் பழகுங்கள். செலவும் குறைவு, சிவப்பு விளக்கில் வேலை பார்க்கலாம். பெட்டியின் உயர் வோல்ட் கம்பி மாட்டிய உலோகத் தகடு, அதன் மேல் 3 மி.மீ. கண்ணாடி, அதன் மேல் பூச்சுப் பக்கம் மேலாகப் பேப்பர், பேப்பர் மேல் ஒரு ரூபாய் நாணயம். நாணயத்துக்கு எர்த் கிளிப். 2 விநாடி போதும், படத்தைத் தெரியவைக்கும் டெவலப்பர் திரவத்தில் போட்டதும் விளிம்பிலிருந்து மயிரிழை போன்ற கறுப்புக் கோடுகள் கிளம்பி வரும். அவற்றைப் பதிப்பது காற்றிலுள்ள நைட்ரஜன் உமிழும் ஊதா, புற ஊதா ஒளி. பேப்பரின் பூச்சுக்கு அந்த ஒளிதான் நன்றாகப் பிடிக்கும்.

கிட்டோடு வரும் ஒளிபுகும் தட்டில்தான் வம்பு. இரண்டு கண்ணாடிக்கு நடுவே உப்புத்தண்ணீர், சுற்றிலும் சிலிகான். பேப்பருக்குப் பதிலாக, இதன் மேல் பொருளை வைத்துக் கீழேயிருந்து ஃபோனில் எடுக்கலாம். ஆனால் தண்ணீர் கண்ணாடியின் ஓரத்துக்கு 1 செ.மீ. வரை வந்து நிற்கிறது. குறைந்தது 3 செ.மீ. விட்டிருக்க வேண்டும். விடாததால் மின்சாரம் பொருளுக்குப் போகாமல் ஓரத்தைச் சுற்றி மேலே தாவுகிறது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இன்னும் மோசம். ஒருமுறை தாவினால் சிலிகானில் கரிக்கோடு விழும். அடுத்த முறை அந்தக் கோட்டிலேயே ஓடும். கரியைச் சுரண்டிப் புதுசாகச் சிலிகான் பூசுவதைத் தவிர வழியில்லை. உள்ளே செம்புக் கம்பி வேறு. நாளாக நாளாகத் தண்ணீர் பச்சையாகிவிடும். எவர்சில்வர் கம்பி மாற்றி, 100 மி.லி. தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்து, தட்டைச் சாய்த்து ஊசியால் நிரப்புங்கள். குமிழி தங்கினால் படத்தில் தனியாக ஒரு புள்ளி மினுங்கும்.

ஃபோன் தட்டுக்கு 30 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். கிட்டே போனால் தொடுதிரை தானாகத் தாறுமாறாக அழுந்தும். ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 5 விநாடி, கும்மிருட்டு.

இலையை வைக்கும்போது ஈரத்தைக் கவனிக்க வேண்டும். செம்பருத்தி இலையைப் பறித்த கையோடு எடுத்தால் விளிம்பு முழுக்கச் சீராக ஒளிரும். வாட வாட மங்கும். அடிப்பக்க நரம்பு புடைத்திருப்பதால் மேல்பக்கத்தைக் கண்ணாடியில் படியவிட்டு, மேலே ஒரு அக்ரிலிக் துண்டை வையுங்கள். காம்பில் எர்த்.

கையேடு பெரிதாகப் பீற்றிக்கொள்ளும் 'மாய இலை'யையும் செய்து பார்க்கலாம். முழு இலையை வைத்து எடுத்துவிட்டு, நுனியை வெட்டி, அதே இடத்தில் திரும்ப வைத்தால் வெட்டிய நுனியும் லேசாகத் தெரியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தட்டைத் துடைத்துவிட்டு எடுங்கள், நுனி போய்விடும். முதல் தடவை இலை விட்டுப்போன ஈரம்தான் அது. (துடைத்தது முழுக்கக் காய்ந்த பிறகே சுவிட்ச். ஆவியில் பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும்.)

பெட்டியில் ஒரு வண்ண அட்டை: சிவப்பு கோபமாம், நீலம் அமைதியாம். குப்பையில் போடுங்கள். க்ராஸ்னோடாரில் செம்யோன் கிர்லியன் 1939-இல் இதைத் தொடங்கிய பிறகு உடலைச் சுற்றி உயிரொளி இருப்பதாகச் சொல்லும் ஆரா பேச்சு நிறையக் கிளம்பியது. 1976-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, படத்தின் மாற்றங்களுக்குப் பெரும்பாலும் ஈரமே காரணம் என்று காட்டியது. கலர் ஃபிலிமில் வரும் சிவப்புக்கும் மனநிலைக்கும் சம்பந்தமில்லை. ஃபிலிமின் முதுகுப் பக்கம் காற்று இடைவெளி இருந்தால் அங்கும் ஒளி எழுந்து சிவப்பு அடுக்கை முதலில் தொடும்.

விரலை வைத்து எடுக்கச் சொல்கிறது கையேடு. வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. 'பவர் போதவில்லை' என்று மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டும் யோசனை யாருக்காவது வந்தால்: அதன் வோல்ட் குறைவு, ஆனால் ஆளைக் கொல்லும் மின்னோட்டம் அதில் உண்டு. அதைக் கொண்டு மரப்பலகையில் மின்னல் கோலம் போடப்போய்ப் பலர் செத்திருக்கிறார்கள்.

மாஸ்ஃபெட்டின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் சின்னது. 10 விநாடி ஓட்டினால் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். ஓசோன் வாடை மூக்கில் ஏறினால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பெட்டிக்கு மட்டும் நாலு நட்சத்திரம் தரலாம். தட்டுக்கு ஒன்றே அதிகம். தட்டில்லாமல் பெட்டி மட்டும் தனியாக விற்றால் அதை வாங்குங்கள், கண்ணாடியை உள்ளூர்க் கடையில் அறுத்துக்கொள்ளலாம்.