ஃபீடர் மெஷின் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஒரு லட்சத்து எண்பதாயிரம். முழுப் பணமும் கட்டி வாங்கிய பவுச் ஃபீடர், அதாவது அடுக்கிலிருந்து பவுச்சை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேதி அடிக்கும் இடத்துக்குத் தள்ளும் மெஷின், மூலையில் கிடக்கிறது. பவுச்சில் தேதியும் பேட்ச் நம்பரும் அடிக்க, பழையபடி ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைக்கிறோம்.

வாங்கியது ஆன்லைனில் பேக்கிங் மெஷின்கள் விற்கிற ஒரு கடையில். எங்கள் பவுச் ஒரு கட்டு முன்கூட்டியே கூரியரில் அனுப்பியிருந்தேன். வீடியோ காலில் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள், ஆனால் கெட்டி அட்டையை வைத்து. எங்கள் பவுச் எங்கே என்று கேட்டதற்கு, "அதைக் காலையிலேயே ஓட்டிப் பார்த்துட்டோம் சார், ஒண்ணுகூட ஒட்டல" என்றார் விற்கிற ஆள். அதோடு நிற்கவில்லை. கேட் (ஒரு பவுச் மட்டும் போகும்படி அடுக்கை மறிக்கும் தடுப்பு) இடைவெளியை எப்படி வைப்பது, அடுக்கின் உயரம் எவ்வளவு இருக்கலாம் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? அன்றைக்கே பணம் போய்விட்டது.

மெஷின் வந்தது. இரண்டு இரண்டாக, சில நேரம் மூன்றாகச் சேர்ந்து போனது. மேலே இருக்கும் பவுச்சில் தேதி விழும், அடியில் ஒட்டிக்கொண்டு போனது வெறுமையாக வெளியே வரும். தேதி இல்லாத பவுச்சில் சரக்கை நிரப்பி அனுப்ப முடியுமா? அடித்த அத்தனையையும் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

இந்த மெஷினின் அடிப்படையே உராய்வுதான். பவுச்சை இழுத்துப் போகும் பெல்ட்டுக்கும் பவுச்சுக்கும் பிடிப்பு அதிகம் இருக்க வேண்டும். கேட்டில் இருக்கும் ரப்பர் அதைவிடக் குறைவாகப் பிடிக்க வேண்டும். பவுச்சுக்கும் பவுச்சுக்கும் நடுவே பிடிப்பு எல்லாவற்றையும்விடக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்று மட்டும் நகரும், மற்றவை கேட்டில் நிற்கும். பிளாஸ்டிக் பவுச்சில் ஸ்டாட்டிக் (உரசலில் சேரும் நிலை மின்சாரம்) ஏறினால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், இந்தக் கணக்கே குலைந்துவிடும். அதற்கு ஸ்டாட்டிக்கை நீக்கும் 'பார்' என்கிற கம்பி போன்ற கருவி வேண்டும். அந்தப் பேச்சையே அவர்கள் எடுக்கவில்லை.

போன் செய்தால் முதலில் "புது மெஷின், ஓட ஓட செட் ஆகிடும்." அப்புறம் "உங்க பவுச் குவாலிட்டி சரியில்லை." அப்புறம் பெல்ட்டைத் தனியாகக் காசு கொடுத்து மாற்றச் சொன்னார்கள். சர்வீஸ் நம்பர் என்று தந்ததில் பேசியதும் விற்ற அதே ஆள்தான்! கடைசியில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து பிரித்தோம். புது மெஷின் என்று விற்றதில் பெல்ட் ரப்பர் இறுகிப் பளபளவென்று தேய்ந்திருந்தது. இரண்டாகப் போனால் மெஷினை நிறுத்தும் என்று சொல்லி விற்ற சென்சாரில் வயரே இணைக்கவில்லை, வெறும் பெட்டிதான். இதற்கா ஒரு லட்சத்து எண்பதாயிரம்?

வாங்குகிறவர்கள் உங்கள் பவுச்சை, உங்கள் கண் முன்னால், அடுக்கு தீரும்வரை ஓட்டச் சொல்லுங்கள். வேண்டுமென்றே இரண்டை ஒட்டி விட்டு, சென்சார் நிறுத்துகிறதா என்று பாருங்கள். பெல்ட் ரப்பர் இறுகியிருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். உங்கள் இடத்தில் ஓடும்வரை பாதிப் பணத்தையாவது கையில் வைத்திருங்கள்.