வீட்டு நடையிலிருந்து துபாய் வரை: பாளையங்கோட்டை டிக்கெட் கடை

தங்கச்சி பிரசவத்துக்கு அம்மாவை துபாய்க்கு அனுப்ப வேண்டியிருந்தது. பாளை மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன டிக்கெட் கடையில் போட்டேன். கடை பத்துக்குப் பத்துதான் இருக்கும், ஆனால் அந்த அண்ணாச்சி போடும் நேரக் கணக்கு மாதிரி எந்த இணையதளத்திலும் நான் பார்த்ததில்லை.

போன வருஷம் நான் போனபோது ஒரு தளத்தில் மலிவாகக் கிடைத்ததென்று தூத்துக்குடி–சென்னை, சென்னை–துபாய் எடுத்தேன். ஒரே பயணம் மாதிரி மொத்த நேரம் காட்டினார்கள், உள்ளே பார்த்தால் இரண்டும் தனித்தனி டிக்கெட். முதல் விமானம் தாமதமாகி, சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் அடுத்ததற்கு செக்-இன் மூடிவிட்டார்கள். பணமும் வரவில்லை.

இதைச் சொன்னதும் அண்ணாச்சி கேட்டார்: “தம்பி, சென்னைக்குப் போனா துபாய் பக்கத்துல வந்துருமா?” அம்மாவுக்கு அவர் திருவனந்தபுரத்திலிருந்து நேர் விமானத்தில் டிக்கெட் போட்டார். அப்புறம்தான் பார்த்தேன், சென்னையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் துபாய்க்கு நேர்கோட்டில் கிட்டத்தட்ட ஒரே தூரம், சுமார் 2,900 கி.மீ. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்திலிருந்து 500 கி.மீ.க்கு மேல் வடக்கே பறந்தும் ஒரு லாபமும் இல்லை.

2,900 கி.மீ.யை விமான வேகமான மணிக்கு 850 கி.மீ.யால் வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வராது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, எதிரே வரும் மேல்காற்று எல்லாம் சேர்த்து நாலே கால் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். டிக்கெட்டிலோ காலை 10 மணிக்குக் கிளம்பி 12.45-க்கு இறங்குவதாக இருந்தது. மூணு மணி நேரம்கூட இல்லையே என்று அம்மாவுக்குச் சந்தோஷம். துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, திரும்பி வரும்போது இதுவே தலைகீழாக நீளமாகத் தெரியும், பயப்படாதீங்க என்று அம்மாவுக்கே நேரில் விளக்கினார்.

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகுதான். “நீங்க ஏர்போர்ட்டுலேருந்து கணக்குப் போடுதிய, நான் ஒங்க வீட்டு நடையிலேருந்து போடுதேன்” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ராத்திரி 2.30-க்குக் கார், நாங்குநேரி, நாகர்கோவில், மார்த்தாண்டம் வழியாக சுமார் 150 கி.மீ.க்கு நாலு மணி நேரம், வழியில் ஏதாவது ஆனால் என்று அரை மணி, 7 மணிக்கு விமான நிலையம். சங்குமுகம் பக்கம் போய்விடாதீர்கள், அது உள்நாட்டு முனையம், வெளிநாட்டு முனையம் சாக்கைப் பக்கம் என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தார் (இரண்டுக்கும் நடுவில் ஓடுபாதை கிடக்கிறது, மாறிப்போனால் சுற்றித்தான் வரவேண்டும்). தங்கச்சி வீட்டை அடையும்போது நம்ம ஊர் நேரம் மாலை 4. ஆக மொத்தம் பதின்மூன்றரை மணி நேரம். அம்மா அங்கே போய்ச் சேர்ந்து போன் போட்டபோது இங்கே மணி 4.10.

குறை இல்லாமல் இல்லை. தளத்தைவிட 600 ரூபாய் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அவசரத்துக்குப் போன் பண்ணினால் உடனே எடுக்கமாட்டார். ஜன்னல் சீட்டெல்லாம் நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் தனியாகப் போகும் பெரியவர்களுக்கு டிக்கெட் என்றால் அந்த 600-ஐக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். அம்மாவின் திரும்பும் டிக்கெட்டையும் அவரிடமே சொல்லிவிட்டேன், அதற்கும் ஒரு தாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.