அப்புத்தளை வானில் சனி: ஒரு சிறு தொலைநோக்கியுடன் சில ஆண்டுகள்

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைகளுக்குச் சனிக் கோளைக் காட்டுவதற்கென்றே 2022 இல் வாங்கிய தொலைநோக்கி இன்றுவரை எப்படி உழைத்திருக்கிறது என்பதை எழுதுகிறேன். முன்வில்லையின் விட்டம் 70 மில்லிமீற்றர், குவியத் தூரம் 700 மில்லிமீற்றர். கூடவே 25, 10, 4 மில்லிமீற்றர் கண்வில்லைகள் வந்தன.

பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் உருப்பெருக்கத்தை நம்ப வேண்டாம். இந்த விட்டத்துக்கு ஏறத்தாழ 140 மடங்கே எல்லை என்பதால், 175 மடங்கு தரும் 4 மில்லிமீற்றர் வில்லையில் சனி மங்கிக் கலங்கியே தெரியும். 10 மில்லிமீற்றர் வில்லையின் 70 மடங்கே தாராளம். வளையம் கோளைவிட்டு விலகி நிற்பதைச் சிறு பிள்ளையும் கண்டுகொள்ளும். ஆனால் பூமி சுழல்வதால் மூன்று நிமிடத்துக்குள் கோள் பார்வைப் புலத்தைக் கடந்துவிடும். வரிசையில் நிற்கும் பிள்ளை "சேர், சனி ஓடிருச்சு!" என்று கத்தும்போதெல்லாம் குழாயைத் திருப்ப வேண்டியிருந்தாலும், பூமியின் சுழற்சியைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

சனிக்கு நேரெதிரே நிற்கலாகாது என்று அப்பாயிமார் சிலர் முதலில் பேரப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள். நான் வாதாடவில்லை. சனி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29.5 ஆண்டுகள் எடுப்பதால் ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டு, மூன்று ராசிக்கு ஏழரை ஆண்டு என்று கணக்கு வருவதை விளக்கியதும், "இப்ப எந்த ராசியில நிக்குது, தம்பி?" என்று அவர்களே பார்க்க வந்துவிட்டார்கள்.

நீண்டகாலப் பயன்பாட்டின் உண்மையான பலன் பிள்ளைகளின் கொப்பிகளில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் கண்டதை அப்படியே வரையச் சொன்னேன். 2022 இல் அகன்றிருந்த வளையம் ஆண்டுக்காண்டு ஒடுங்கி, 2025 செப்டெம்பரில் கோளின் குறுக்கே ஒரு மெல்லிய கோடாகிவிட்டது. புதிதாக வந்த பிள்ளைகள் ஏமாந்தார்கள். பழைய படங்களைக் கையில் வைத்திருந்தவர்களோ, வளையம் எங்கே போனது என்று தங்களுக்குள் வாதிட்டார்கள். 1610 இல் சனியின் இருபுறமும் துணைகள் நிற்பதாகக் கண்ட கலிலியோவும், 1612 இல் அவை மறைந்தபோது இதே குழப்பத்தில்தான் இருந்தார்; அது கோளைத் தொடாத தட்டையான வளையம் என்ற விளக்கத்தை டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் 1659 இல் வெளியிட்டார். முதன்மை வளையங்களின் குறுக்களவு ஏறக்குறைய 2,80,000 கிலோமீற்றர், தடிப்போ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீற்றர் மட்டுமே என்று சொன்னபின், விளிம்பு நம் பக்கம் திரும்பும்போது அது ஏன் மறைகிறது என்பதைப் பெரிய பிள்ளைகள் தாமாகவே சொன்னார்கள். ஹைகன்ஸ் 1655 இல் கண்ட டைட்டான் நிலவும் இந்தத் தொலைநோக்கியில் ஒரு புள்ளியாகத் தெரியும்; அது 16 நாளில் சனியைச் சுற்றிவருவதால் இடம் மாறுவதை அடுத்தடுத்த இரவுகளில் குறிக்கலாம்.

பராமரிப்பில் மூடுபனியே பெரும் தொல்லை. முன்வில்லையில் பனி படியாமல் கறுப்பு மட்டைத்தாளைச் சுருட்டிக் குழாயின் முன் நீட்டிக் கட்டுகிறேன். வில்லையில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க, ஈரம் நன்றாக உலர்ந்த பின்பே சிலிக்கா ஜெல் பொதிகளோடு மூடி வைக்கிறேன்.

2032 அளவில் வளையம் மீண்டும் முழுதாக விரியும் என்பதால் இப்போது வாங்குவோருக்கு நல்ல காலம். மேலதிகக் கண்வில்லைகளுக்கு ஒதுக்கும் பணத்தை உறுதியான முக்காலிக்குக் கொடுங்கள். கூடவே வரும் மெல்லிய அலுமினிய முக்காலி, அடியில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டாலும், எங்கள் பக்கத்துக் காற்றுக்கு ஈடுகொடுப்பதில்லை.