ரீட்-சாலமனா, வளைவா? 256 பிட்டில் ஒரு போட்டி

256 பிட் நீளமுள்ள ஒரு கட்டு. பாதி தகவல், மீதி பிழைதிருத்தத்துக்கு. இதை ரீட்-சாலமன் என்ற பிழைதிருத்தும் குறியீட்டில் அனுப்பலாமா, இயற்கணித வளைவில் (ஒரு சமன்பாடு வரையறுக்கும் வளைவில்) கட்டிய குறியீட்டில் அனுப்பலாமா? "வளைவு அழகான கணிதம்தான், ஆனால் வேலைக்கு ரீட்-சாலமன்" என்று பலரும் பேச்சை முடித்துவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு அவசரப்பட்டது என்று தெரியும்.

1960இல் இர்விங் ரீடும் கஸ்டாவ் சாலமனும் சொன்ன வழி எளிது. தகவலைக் கெழுக்களாக வைத்து ஒரு பல்லுறுப்புக்கோவை எழுது. முடிவுறு புலத்தின் (கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் முடிகிற, எண்ணிக்கை வரம்புள்ள உறுப்புகளின் தொகுப்பு) n புள்ளிகளில் அதன் மதிப்புகளைக் கண்டு அனுப்பு. தகவல் k குறிகள் என்றால் இரண்டு குறிச்சொற்கள் (அனுப்பும் மதிப்பு வரிசைகள்) குறைந்தது n−k+1 இடங்களில் வேறுபடும். இந்த எண்ணிக்கைதான் குறியீட்டின் தூரம்; அதில் பாதிக்குக் குறைவான பிழைகளைத் திருத்தலாம். இந்தத் தூரத்துக்கு மேல் எந்தக் குறியீட்டாலும் முடியாது. சிடியிலும் க்யூஆர் கட்டத்திலும் இருப்பது இதுதான். ஒரே குறை, புலத்தில் எத்தனை உறுப்புகளோ ஏறக்குறைய அத்தனை நீளம்தான் கிடைக்கும். நீளம் கூட வேண்டுமென்றால் புலம் பெரிதாக வேண்டும், ஒவ்வொரு குறிக்கும் அதிக பிட் ஆகும்.

சோவியத் கணிதவியலாளர் வலேரி கோப்பா, ரீட்-சாலமனின் புள்ளிகள் இருக்கும் நேர்கோட்டுக்குப் பதிலாக ஒரு வளைவின் புள்ளிகளை எடுத்துக்கொண்டார். 16 உறுப்புள்ள புலத்தில் y⁴ + y = x⁵ என்ற ஹெர்மிஷியன் வளைவைப் பாருங்கள். x எதுவானாலும் x⁵ நான்கு உறுப்புள்ள உட்புலத்தில் போய் விழும். அங்கே எந்த மதிப்புக்கும் சரியாக நான்கு y உண்டு. ஆக 16 × 4 = 64 புள்ளிகள், முடிவிலியில் இன்னொன்று. இந்த வளைவின் ஜீனஸ் (வளைவு எவ்வளவு சிக்கலானது என்று சொல்லும் எண்) 6. புள்ளிகளின் எண்ணிக்கைக்கு ஹாஸ்-வெய்ல் எல்லை அனுமதிக்கும் உச்சம் 16 + 1 + 2×6×4 = 65. ஒன்றுகூட வீணாகவில்லை! எண் கோட்பாடு நேராக வேலைக்கு வரும் இடம் இது. ஜீனஸ்தான் நாம் கொடுக்கும் விலை: தூரத்துக்கு உறுதி n−k+1−6.

சரி, போட்டிக்கு வருவோம். ரீட்-சாலமன்: 32 பைட், அதில் 16 தகவல், தூரம் 17, எட்டு பைட் திருத்தும். வளைவு: நான்கு பிட் குறிகள் 64, அதில் 32 தகவல், தூரம் குறைந்தது 27, பதின்மூன்று குறிகள் திருத்தும். பிழை ஒரே இடத்தில் தொடர்ச்சியாக வந்தால் ரீட்-சாலமன் எங்கே தொடங்கினாலும் 57 பிட் வரை தாங்கும். வளைவு 49 தான். ஆனால் பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறினால் எட்டுக்கு எதிராகப் பதின்மூன்று. இது சின்ன வித்தியாசமே இல்லை.

நீளம் கூடக் கூட வளைவின் பக்கம் இன்னும் வலுக்கும். 1982இல் ஸ்ஃபாஸ்மன், விளாடுட்ஸ், ஸிங்க் மூவரும் மாடுலர் வளைவுகள் என்ற சிறப்பு வகையைக் கொண்டு, 49 உறுப்புகள் முதலான வர்க்க அளவுப் புலங்களில் நல்ல குறியீடுகள் உண்டு என்பதற்கு அதுவரை தெரிந்த உத்தரவாதமான கில்பர்ட்-வர்ஷமோவ் எல்லையையே தாண்டிக் காட்டினார்கள்.

பிழை நீக்கும் வேகத்தில் ரீட்-சாலமனுக்கே முதலிடம்; பிழை இருக்கும் இடங்களைக் கண்டுபிடிக்க உதவும் பெர்லேகாம்ப்-மாஸி முறையைச் சிப்பில் பதித்துப் பல காலம் ஆகிறது. வளைவுக்கும் 1993இல் ஃபெங்-ராவ் முறை வந்தது. சென்னையில் பிறந்த மது சூடனும், ஐஐடி மெட்ராஸில் படித்த வெங்கடேசன் குருசாமியும் பாதித் தூரத்தையும் தாண்டித் திருத்தும் ஒரே உத்தியை 1999இல் இரண்டுக்கும் தந்தார்கள். கீறல் விழும் வட்டுக்கு நான் ரீட்-சாலமனையே எடுப்பேன். பிழை சிதறி வரும் இடத்தில் இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால், டிகோடர் எழுதும் கூடுதல் பாட்டைச் சகித்துக்கொண்டு வளைவுக்குப் போவேன்.